முன்சுற்று

நவம்பர் ஒன்று நள்ளிரவு என்றால்
அது அவர்களுடைய நள்ளிரவு.
வெள்ளவத்தையில் அப்போது
இரண்டாம் திகதி காலை ஒன்பதரை,
அலுவலக ரயில்கள் ஓய்ந்து
தண்டவாளத்துக் கல்லில் யாரோ
துணி காயப்போடும் நேரம்.

ஏழாம் மாடி. திரையில் இரண்டு பெட்டிகள்.
கட்டுப்படும் முன்சுற்று,
கட்டுப்படாத பின்சுற்று.
முதலாவதில் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும்,
மற்ற எல்லாக் கதவையும் நானே சாத்திவிட்டு.
கூப்பிடும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு.
இரண்டாவதில் நான்கு.

றிஸ்னா பத்து நிமிடத்தில் புள்ளடி போட்டாள்.
"மூணு மடங்குடி, யோசிக்க என்ன இருக்கு?"
அவளுடைய வாப்பா
எவ்வளவு என்று கேட்கவேயில்லை.

இணைந்த கணிதத்தில்
நிபந்தனை நிகழ்தகவுக்கு எனக்கு
ஒரு புள்ளி குறைந்ததில்லை.
அந்தப் பன்னிரண்டுக்குள்
படகு வலிக்கிறவன் இருக்கிறான்,
தகப்பனும் அங்கேயே படித்தவன் இருக்கிறான்,
கட்டணத்தை முழுதாய்க் கட்டப்போகிற
றிஸ்னா இருக்கிறாள்.
அவர்களைக் கழித்தால் மிச்சம் எத்தனை?
கொப்பியின் கடைசித் தாளில் மூன்று தரம் போட்டேன்.
ஒருமுறை ஆறு.
ஒருமுறை மூன்று.
ஒருமுறை பேனை நின்றுவிட்டது.

கையொப்பம் மூன்று வேண்டும்:
என்னுடையது, பள்ளிக்கூடத்தினுடையது, அப்பாவுடையது.
அப்பாவுக்குப் புறக்கோட்டையில்
வயர், பல்ப் ஹோல்டர், சுவிட்ச்.
ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.
கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"விலை எப்ப சொல்லுவினம்?"
எடுத்த பிறகு, அப்பா.
"நாங்கள் ஓம் எண்டு சொல்லுறது?"
இப்ப.
"அப்ப, விலை கேளாமல் சாமானைக் கட்டச் சொல்லுறம்."
காசு காணாட்டி விடுவினமாம்,
அப்பிடியும் ஒரு வரி கிடக்கு.

அந்த வரியில்தான் நெடுநேரம் நின்றார்.
இருபத்தாறு வருசக் கடை.
சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு
ஒரு குறுக்குத் தெருவிலும் நடந்ததில்லை.
"காணாது எண்டு
நானெல்லோ பிள்ளை எழுதிக் குடுக்கவேணும்."
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பில் புத்தகத்தில் வைப்பதுபோல
கீழே கோடிழுத்து ஒப்பம் வைத்தார்,
தேத்தண்ணி எங்கே என்றார்.

இங்கேயும் ஒரு வாசல் உண்டு, மொறட்டுவை.
அதற்கு இசற் புள்ளி,
கொழும்புக்கென்று ஒரு வெட்டு, உயரமானது.
என் புள்ளிக்கு வவுனியாவில் இடம் கிடைக்கும்
என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.
அங்கே மச்சாள் மதுரகாவின் பள்ளிக்கூடத்துக்குப்
பௌதிகவியல் ஆசிரியர் வந்தது
கடைசித் தவணையில்.
அதனால் நான் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.
பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள்.

ஒன்பது பதினெட்டு.
"அனுப்பிட்டியா?" றிஸ்னா.
அம்பு எலி முதல் பெட்டியிலேயே நின்றது.
எனக்கு அந்த ஆய்வுகூடம் வேண்டும்.
பாலங்களை ஆட்டி ஆட்டி உடைத்துப் பார்க்கும்
அந்த நீள மேசை வேண்டும்.
படம் பார்த்த நாளிலிருந்து வேண்டும்.
ஓம் என்று எழுதுவது சுகம்.
டிசம்பரில், அதே கையொப்பத்தின் கீழே,
எங்களால் ஏலாது என்று
அப்பா எழுதுகிற எழுத்தைத்தான்
என்னால் பார்க்க முடியாது.

ஒன்பது இருபத்தாறு.
இரண்டாவது பெட்டி.
நான்கு. சரி, எனக்கு இரண்டோ என்னவோ.
ஜனவரி மட்டும் நேரம் இருக்கிறது,
ஏழு இடத்துக்கு எழுதலாம்,
ஏழு பேரும் விலை சொல்லட்டும்.

துணி காய்ந்துகொண்டிருந்தது.
நான் கொஞ்சம் அழுதேன், அது வேறு கணக்கு.

ஒன்பதே முக்காலுக்குக் கடையிலிருந்து அப்பா எடுத்தார்.
"நேரம் முடிஞ்சுதோ?"
முடிஞ்சுது.
எதை என்று கேட்கவில்லை.
"சரி வை, ஆக்கள் நிக்கினம்."
வைப்பதற்குள் கேட்டது,
பின்னால் யாரோ ஒருவன்
ஒரு சுருள் வயருக்கு
மூன்றாம் முறையாக விலை கேட்பது.